வரவேற்பு பேனர்

“பெரிய சார் வந்தா நானே கேட்டுருவேன் டீச்சர். ஒரு கதவுதான?”

“கேட்டுத்தான் பாரேன். அவங்க திட்டத்துல கையெழுத்துப் போட்டாத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பணம்னு டெல்லி சொல்லுது. போட மாட்டோம்னு சென்னை சொல்லுது. நடுவுல நீ வாயத் தொறந்தா ஒஞ் சோலிக்கு வேற ஆள் பாத்துருவாங்க.”

தலைமையாசிரியை ஆக்ஸிலியா இதைச் சொன்னது மழைக்கு முன்னால். பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவைக் காட்டுமாடு முட்டிப் பெயர்த்திருந்தது. அதன்பின் சுப்பம்மா யாரிடமும் கேட்கவில்லை. பள்ளியைக் கூட்டிக் கழுவுகிறவள் அவள். மகள் ஷர்மிளா அங்கேயே எட்டாவது படித்தாள். தீட்டு நாட்களில் வீட்டிலேயே கிடந்தாள்.

இன்று டெல்லியிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். சுப்பம்மா வெள்ளனே வந்துவிட்டாள். கதவில்லாத இடத்தில் ராத்திரி எவனோ குடித்துவிட்டு, வெளிக்கிருந்துவிட்டுப் போயிருந்தான். பாட்டில் சில்லைப் பீயிலிருந்து விரலால் பொறுக்கினாள்.

ஆக்ஸிலியா ஒரு வரவேற்பு பேனரோடு வந்தாள். “இத வாசல்ல கட்டு.”

“ஸ்கூல் கேட்டுக்கா டீச்சர்?”

“கக்கூஸுக்கு. வெரசாக் கட்டு தாயே.”

சுப்பம்மா நைலான் கயிற்றால் கட்டினாள். மகளைத் தேடிப்போய், “இன்னிக்கு மறைப்பு இருக்கு, பயப்படாமப் போ” என்றாள்.

வந்தவர்கள் கேரட் அல்வா சாப்பிட்டார்கள். வெயில் விழுகிற இடம் அதுதான் என்று அந்த பேனர் முன்னாலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் மூக்கைப் பொத்தினார். பின்னால் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. கார்கள் கிளம்பின.

அதுவரை காத்துக் கிடந்த ஷர்மிளா உள்ளே ஓடினாள்.

பெரிய சார் மட்டும் நின்றார், வட்டாரக் கல்வி அலுவலர். “ஏம்ப்பா குமாரவேல், அந்த பேனர அவுரு. மத்திய அரசுத் திட்டம்னு கொட்ட எழுத்துல போட்டுக்கெடக்கு. நம்ம மேலதிகாரி பாத்தா எந்தலைதான் உருளும்.”

ஜீப் டிரைவர் குமாரவேல் ஒரு கயிற்றை அறுத்தான். பேனரில் அச்சடித்த கும்பிடும் கைகள் பாதியாய் மடங்கித் தொங்கின. உள்ளே ஒரு கால் சுவரோரம் ஒடுங்கியது. ஆக்ஸிலியா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கயிற்றில் கத்தி பட்டபோது சுப்பம்மா ஓடிவந்து வாசலை மறித்து நின்றாள். கையிலிருந்த துடைப்பத்திலிருந்து பினாயில் சொட்டியது.

“உள்ள எம்பிள்ள இருக்கா சார். ஒரு கதவு போட்டுக் குடுங்க.”