இரண்டு சொட்டு

மார்கழி தன் கடைசி நாள்களை மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தது. திருவாமாத்தூர் வயல்களின்மேல் பனி, திருநீறு பூசினாற்போல் படிந்து கிடந்தது. இரு தெரு தள்ளிக் கோயிலில் ஒலித்த பதிகம் அப்பனியில் நனைந்து, தாழ்ந்து, ஊர்ந்து வந்தது. வெயிலும் அன்று தயங்கியே எழுந்தது.

பந்தலில் தாண்டவராயனுக்கு வாய்க்கரிசி இட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தைய மாலை மாரடைப்பில் போனவர். உறவினர் இட்டு விலகியதும், அவர் தம்பி துரைக்கண்ணு இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை உருவி மூடியைத் திருகினார்.

தலைமாட்டில் அமர்ந்திருந்த பாஞ்சாலி, கணவரின் உதடுகளை உள்ளங்கையால் மூடினாள்.

"இன்னா தம்பி இது?"

"அண்ணனுக்குப் புடிச்சது அண்ணி. ரெண்டு சொட்டு ஊத்தி அனுப்பறது நம்ம வழக்கம்தானே? எங்கப்பாவுக்கு அவருதானே ஊத்துனாரு."

"ஒம்போது வருசமா தொடாத மனுசன். ஊத்தாத."

"செத்தவருக்கு இன்னாண்ணி விரதம்?"

யாரோ சிரித்தார்கள். பாஞ்சாலி கையை எடுக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கே என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. விழுப்புரம் மருத்துவமனைச் செவிலி ஒருத்திதான் அவள் முகத்தைப் பார்த்துச் சீட்டில் எழுதித் தந்தாள்: திண்டிவனம், மாதா கோயில் பின்னறை, சனிக்கிழமை மாலை ஆறு மணி. பதற்றத்தில் நாள் தவறி வெள்ளியன்றே இருவரும் போய் நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது.

"பாத்தியா, சாமியே வேணாம்னு சாத்திட்டாரு" என்று சிரித்தார் தாண்டவராயன்.

அடுத்த வாரம் பேருந்து நிலையத்திலேயே நழுவிவிட்டார். மூன்றாம் முறை அவர் சட்டை நுனியை விடாமல் பிடித்தபடி நடந்தாள். உள்ளே போனவர் ஒரு மணி நேரம் கழித்து, அழுது சிவந்த கண்களோடு வெளியே வந்து, "அடுத்த வாரமும் வரலாமா?" என்று அவளிடம் கேட்டார்.

பந்தல் வாசலில் செருப்புகள் கழன்றன. நான்கு ஆண்கள், ஒரு பெண். முன்னால் நின்றவரின் கையில் ஒரு பிளாஸ்கும், விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளரும்.

"அக்கா, நான் அலெக்ஸ். திண்டிவனம் சனிக்கெழம கூட்டத்துலேர்ந்து வர்றோம். புதுசா யாரு வந்தாலும் மொத டீ ஐயாதான் ஊத்திக் குடுப்பாரு. எனக்கும் அவருதான் குடுத்தாரு. இது அவரு டம்ளரு."



"ஒம்போது வருசம் எங்க வீட்டுக்காரர எனக்குக் குடுத்தீங்க" என்றாள் பாஞ்சாலி. "நீங்களே ஊத்துங்க."

அவள் கையை எடுத்தாள். அலெக்ஸ் தேநீரில் விரல் நனைத்து இரண்டு சொட்டு வைத்தார். பிறகு டம்ளரைத் துடைத்து, புதிதாக ஊற்றித் துரைக்கண்ணுவிடம் நீட்டினார்.

"நான் ஒண்ணும் ஒங்க கூட்டத்து ஆளு இல்ல."

"டீதான் சார். யாரு வேணா குடிக்கலாம்."

துரைக்கண்ணு மூடியை இறுகத் திருகிப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டார். கைகளை ஒன்றுசேர்த்து, தீர்த்தம் வாங்குவதுபோல் டம்ளரை வாங்கினார். பாதி குடித்தபின், மற்ற யாருக்கும் கேட்காத குரலில், "திண்டிவனத்துக்கு எந்த பஸ்ஸு அண்ணி?" என்றார்.

பாஞ்சாலி தலைமாட்டுத் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்தாள். கோயில் இருந்த திசை நோக்கி ஒருகணம் கண்மூடினாள். பின் கொழுந்தனின் நெற்றியில் பூசினாள்.

"நல்லா இரு, தம்பி."