பனரில் ஏறிய மூன்று பாகை

பேராசிரியர் பாக்கியரத்தினம் முதலில் சொல்லிவிடுவார், பிறகுதான் அளப்பார். "ஐஸ் இல்லாமல் மீனைக் குளிரவைக்கும் காந்தப் படலம்! மூன்று பாகை!" என்று பனர் அடித்து, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஆய்வுகூட வாசலில் கட்டியும் ஆயிற்று. அடியில் சின்ன எழுத்தில், "அளந்தவர்: ஸுல்பிகா".

ஆராய்ச்சி மாணவி ஸுல்பிகாவுக்கு அந்தச் சின்ன எழுத்துத்தான் நெஞ்சில் முள். மின்காந்தத்தைப் போட்டால் படலம் சூடாகும், நிப்பாட்டினால் குளிரும், அது உண்மை. ஆனால் படலமோ கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. அதன் சூட்டை அடியிலுள்ள கண்ணாடி ஏப்பம் விடாமல் விழுங்கிவிடும். ஒரு வருசம் மினக்கெட்டு அவள் அளந்தது பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாளைக்கு அவளுடைய ஆய்வேட்டைப் பார்க்கும் பரீட்சகர்கள் "மூன்று எங்கே?" என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது?

"சேர், என்ர பேரையாவது எடுத்துவிடுங்கோ."

"என்ன விசர்க்கதை பிள்ளை? புகழ் வரேக்க ஓடுறீர்!"

படலத்தை அறிமுகம் செய்யும் விழாவுக்குப் பிரதம விருந்தினர், நிலாவெளியில் கரைவலை வைத்து மீன்பிடிப்பிக்கும் சம்மாட்டியார் குணரத்தினம். படத்தில் இரண்டும் ஒன்றாய் விழவேண்டுமென்று குத்துவிளக்கைக் கருவிக்குப் பக்கத்திலேயே வைத்து ஏற்றினார்கள்.

"படலம் எங்க?" சம்மாட்டியார் குனிந்தார்.

"கண்ணாடிக்கு மேல, ஐயா."

"ஒண்டையும் காணேல்லையே."

"அதுதான் ஐயா அதின்ர விசேசம்!" என்றார் பேராசிரியர்.

சம்மாட்டியார் காந்தத்தின் பட்டனை அமத்தினார். எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வெப்பமானி மெல்ல மெல்ல மூன்று பாகை ஏறி நின்றது. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

ஸுல்பிகா மட்டும் நிலத்தைப் பார்த்தாள். காந்தத்தின் வயர் செத்த பாம்பாய்க் கிடந்தது.

"சூடாக்கிறதை எங்கட வெயிலும் செய்யும்," என்றார் சம்மாட்டியார். "மீனுக்கு வேண்டியது குளிர். குளிரவிடுங்கோ பாப்பம்."

"அளந்தவரே செய்து காட்டட்டும்! ஸுல்பிகா, காந்தத்தை நிப்பாட்டும்!" பேராசிரியர் மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

ஓம் என்று தலையாட்டிவிட்டு விளக்கை ஊதினால் போதும், குளிர்ந்துவிடும். பேரும் பனரிலேயே கிடக்கும்.

"நிப்பாட்ட ஏலாது, சேர்," என்றாள். மைக் அதை வாசல்வரை கொண்டுபோனது. "போட்டாத்தானே நிப்பாட்டலாம். காந்தத்தின்ர பிளக்கைக் கழட்டிப்போட்டு உங்கட மைக்கைக் கொழுவியிருக்கினம்."

"அப்ப அந்த மூண்டு பாகை?" என்றார் சம்மாட்டியார்.

"பக்கத்தில அஞ்சு திரி எரியுது. மிச்சம் எங்கட மூச்சு."

சம்மாட்டியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "உண்மையா எவ்வளவு குளிரும், பிள்ளை?"

"ஒரு பாகையை ஆயிரமா வெட்டினா அதில ஒரு துண்டும் வராது, ஐயா. ஆனா அந்தத் துளிக் குளிர், காந்தத்தைப் போட்டு நிப்பாட்டுற ஒவ்வொரு தரமும் தவறாம வரும்."

"அப்ப இப்போதைக்கு ஐஸ்காரனோட நான் கோவிக்கக்கூடாது."

விருந்தினர் போனதும் பேராசிரியர் கொதித்தார். அதை அளக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

"பனரில உம்மட பேர் இனி இருக்காது! இப்பவே வெட்டுறன்!"

"ஓம் சேர்," என்ற ஸுல்பிகா, அவர் ஏற வசதியாய்க் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு, அது ஆடாமல் பிடித்துக்கொண்டும் நின்றாள்.