கடைசி வள்ளத்து முடிவு

முதல் அடி பிடரியில் விழுந்தபோது, நட்சத்திரம் ஒன்றும் தெரியவில்லையே என்றுதான் அரியநாயகத்துக்குத் தோன்றியது.

பத்து வருடமாகப் பத்திரிகைக்குக் கேலிப்படம் கீறுகிறவர். அடிவாங்குகிற ஆளின் தலையைச் சுற்றி நாலைந்து நட்சத்திரம், உச்சியில் ஒரு புடைப்பு என்று எத்தனை தலைக்குப் போட்டிருப்பார். இப்போது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நயினாதீவு இறங்குதுறையின் சீமெந்தும் அதில் ஒட்டிக் காய்ந்திருந்த மீன் செதிலும்தான். சத்தமும் சினிமாவில் கேட்பதுபோல் இல்லை. ஈரச் சாக்கைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"எழும்படா," என்றான் நடராசா.

நடராசா எதிர்க்கரைக் குறிகட்டுவானுக்கு ஓடும் மோட்டர் வள்ளத்தில் வேலை செய்பவன். நடிகர் மதனரூபனுக்குத் தீவில் இருந்த இரசிகர் மன்றத்தின் தலைவனும் அவன்தான். நேற்றுவரை அரியநாயகத்தை அண்ணை என்று கூப்பிட்டவன். மன்ற வாசலில் நிற்கிற ஆளுயர மதனரூபனைப் பலகையில் கீறிக்கொடுத்தது அரியநாயகம்தான். இன்றைக்கு நடராசாவின் ஒரு கையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. மற்றக் கையில் வள்ளம் தள்ளுகிற கம்பு.

ஞாயிறு தோறும் பத்திரிகைக் கட்டு வந்திறங்கும் நேரத்துக்கு அரியநாயகம் துறைக்கு வந்துவிடுவார். தன் படத்தைப் பார்த்து ஆர் சிரிக்கிறார்கள் என்று தூரத்தில் நின்று பார்ப்பதில் அவருக்கு ஒரு சபலம். இன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

"பெருவிரல் ரண்டையும் கட்டி, நாடிக்கட்டும் போட்டு, அவரைப் பாடையிலை கிடத்தியிருக்கிறாய். உயிரோடை இருக்கிற மனிசனை. உன்ரை கொப்பனை இப்பிடிக் கீறுவியோ?"

"என்ரை கொப்பர் செத்துப்போனாரடா தம்பி."

இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. மூச்சு எங்கேயோ போய்விட்டுத் திரும்பிவந்தது. வெளிநாட்டு நாவல்களின் மொழிபெயர்ப்புகளில் சண்டைக்கு முன் கையுறையைக் கழற்றி எறிவார்கள், விடியற்காலை பனியில் சாட்சிகளோடு சந்திப்பார்கள். இங்கே சாரத்தை மடித்துக் கட்டுகிற நேரம்கூடத் தரவில்லை.

"கொட்டகையிலை ஓடுற படத்திலை அவர் சாகிறாரடா," என்றார் அரியநாயகம். "கடைசியிலை. நான் பாத்தனான்."

சுற்றி நின்ற மன்றத்துக்காரர் சிரித்தார்கள். நடராசாவின் வால்போல் திரியும் வல்லிபுரம் முன்னுக்கு வந்தான்.

"நான் ஆறு தரம் பாத்தனான். அவர் துடுப்பாலை வில்லன்ரை மண்டையைப் பிளந்துபோட்டு அவளைக் கலியாணம் முடிக்கிறார். எங்களுக்குச் சொல்லவாறாய்."

துடுப்பு, மண்டை, கலியாணம் ஒன்றுமே படத்தில் இல்லை. அது வள்ளத்தில் கட்டிய முடிவு.

யாழ்ப்பாணத்தில் பகல் காட்சி பார்க்கப் போகிற நயினாதீவார், கடைசிச் சண்டை தொடங்கும்போதே எழும்பி ஓடினால்தான் குறிகட்டுவான் பஸ் பிடிக்கலாம். அந்த பஸ்ஸைப் பிடித்தால்தான் பொழுதுபடமுன் கடைசி வள்ளம். ஆகவே தீவில் எவரும் எந்தப் படத்துக்கும் முடிவு பார்த்ததில்லை. முடிவை வள்ளத்திலேயே கட்டிக்கொள்வார்கள். ஒருவன் வில்லனைக் கிணற்றில் தள்ளுவான், ஒருவன் பொலிசில் கொடுப்பான். நடுக்கடலில் வாக்குவாதம் முற்றும். துறையில் கயிறு கட்டும்போது நடராசாவின் முடிவு வென்றிருக்கும். அவன் குரல் எஞ்சினிலும் பெரிது. கரையில் அதுதான் படம். வீட்டுப் பெண்களுக்கும் அதையே சொல்வார்கள். சொல்லிச்சொல்லி, சொன்னவர்களுக்கே கண்ணால் கண்ட நினைவு வந்துவிடும்.

அரியநாயகமும் இத்தனை காலம் அப்படிப் பார்த்தவர்தான். இந்த முறை பத்திரிகைக் கந்தோரில் ஒரு அலுவல், வள்ளத்தை விட்டுவிட்டார். மதனரூபன் சூடுபட்டுச் செத்ததைப் பார்த்தார். கொட்டகை முழுக்க அழுதது. அவருக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பாடையில் மதனரூபனையும், பின்னால் "எங்கடை ஆள் வெண்டிட்டார்" என்று கத்திக்கொண்டு வள்ளத்துக்கு ஓடுகிற தீவானையும் கீறிக் கொடுத்தார். ஓடுகிறவனை இங்கே ஒருவரும் கவனிக்கவே இல்லை.

"கடைசி வள்ளத்தை விட்டிட்டு ஒருக்காப் பாருங்கோவனடா."

"கையை வை," என்றான் நடராசா.

"நடராசா, கை வேண்டாம். காலிலை அடி. நான் கையாலை பிழைக்கிறவன்."

வல்லிபுரம் முதுகில் ஏறியிருந்து, அவருடைய வலக்கையைச் சீமெந்தில் விரித்துப் பிடித்தான். கம்பு இறங்கியது. பச்சைப் பூவரசங்கொப்பு முறிகிற சத்தம். கம்பு மறுபடியும் இறங்கியது. அதன்பிறகு அவர் ஒன்றும் யோசிக்கவில்லை.

முறிவுப் பரியாரி விரல்களை இழுத்துப் பொருத்தித் தப்பை வைத்துக் கட்டினார். பழையபடி பேனை பிடிக்குமா என்று கேட்டதற்கு, "சோறு அள்ளலாம்," என்றார்.

வீட்டில் அக்கா இராசமணி இரண்டு நாளாக வாய் மூடவில்லை. அவளுடைய அலுமாரிக் கதவின் உட்புறத்தில் மதனரூபன் ஒட்டப்பட்டிருந்தார்.

"உனக்குக் கீறுறதுக்குப் பாடைதானோ கிடைச்சது? அதிலையும் மூக்குப் பிழை."

படுத்துக் கிடக்கிறவனுக்கு எரிச்சலுக்குப் பஞ்சமில்லை. கட்டின் எண்ணெயை மொய்க்க வந்த இலையான், ஏதோ உரிமைப்பட்டதுபோல் போகாமல் இருந்தது. பார்க்க வந்தவர்கள் முறிந்த கையையே அமத்தி, "இதோ?" என்று கேட்டார்கள். பிறகு, முறிந்த கை கடைசிவரை நேராகாத தங்கள் மாமன் ஒருவரின் கதையைச் சொன்னார்கள். எல்லாம் அருமையான படங்கள். ஒன்றையும் கீற ஏலாது.

மூன்றாம் நாள் காலையில் படலையைத் திறந்துகொண்டு நடராசாவும் வல்லிபுரமும் வந்தார்கள். நடராசாவின் மேலுதடு பிளந்திருந்தது. ஒரு கண் முழுதாக மூடிவிட்டது.

"நேற்றுக் கடைசி வள்ளத்தை விட்டிட்டு முழுக்கப் பாத்தனாங்கள்," என்றான் வல்லிபுரம். "அவரைச் சுட்ட உடனை நடராசா அண்ணை கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் திரையிலை வில்லன்ரை முகத்துக்கு அடிச்சவர். திரை கிழிஞ்சு போச்சு. பட்டினத்து மன்றத்துப் பெடியள் வெளியிலை இழுத்துவந்து சாத்திப்போட்டாங்கள். எங்கடை ஆக்களே."

"செத்துத்தான் போனார்," என்றான் நடராசா. குரல் எஞ்சின்போல் இல்லை. "ஆனா நாடிக்கட்டு இல்லை. அது நீர் பிழையாக் கீறினது."

அரியநாயகம் இடக்கையால் இலையானை விரட்டினார்.

"உயிரோடை ஒண்டு கீறித் தாரும், அண்ணை. வாற ஞாயிறு பேப்பரிலை வரட்டும். இஞ்சை ஒருத்தருக்கும் நான் இன்னும் சொல்லேல்லை."

அரியநாயகம் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். நடராசா அதை முதன்முறை பார்ப்பவன்போல் பார்த்தான்.

"எந்த நாய் கையிலை அடிச்சது?"

முற்றத்தில் கோழிகூட நின்றுவிட்டது. வல்லிபுரம் அண்ணாந்து பனை வட்டைப் பார்த்தான். நடராசா திரும்பி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"பாத்துக்கொண்டோ நிண்டனீ? பிடிச்சிருக்கக் கூடாதோ?"

"நான் பிடிச்சுக்கொண்டுதானே இருந்தனான், அண்ணை. இவரை."

மறுபடி அறைந்ததில் வல்லிபுரம் தண்ணீர்க் குடத்தோடு விழுந்தான். குடம் உடைந்த சத்தத்துக்கு, குசினிக்குள்ளிருந்து இராசமணி கொள்ளிக்கட்டையோடு வந்தாள். நடராசாவின் முதுகில் ஒன்று போட்டாள், பிறகு இன்னொன்று. சேட்டு பொசுங்கி மணந்தது. அவன் திரும்பவில்லை.

"இடக்கையாலை கீறினா தள்ளாடுற வெறிகாரன் மாதிரித்தான் வருவார்," என்றார் அரியநாயகம்.

"உயிரோடை வந்தாச் சரி."

கடதாசியும் மைக்கூடும் வந்தன. ஒற்றைக் கையால் பிடிக்க ஏலாமல் கடதாசி அசைந்தது. நடராசா குந்தியிருந்து அதை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தான். கம்பு பிடித்த கைகள். அகலமான புறங்கை, நரம்பு ஓடி, அரியநாயகத்தின் பேனைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

அவர் நிப்பை மையில் தோய்த்தார். தூக்கி அந்தப் புறங்கையில் இறக்கினார். எலும்பில் முட்டும்வரை இறக்கினார்.

நடராசா பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தான். மையும் இரத்தமும் ஒன்றாகி விரலிடுக்கால் கடதாசியில் வழிந்தன. கையை எடுக்கவில்லை.

"இனிக் கீறும், அண்ணை," என்றான்.

நிப்பு வளைந்துவிட்டது. இராசமணி கொள்ளியைக் கீழே போட்டுவிட்டு, அலுமாரியைத் திறந்து புது நிப்பு எடுத்துவந்தாள். இடக்கை நடுங்கி நடுங்கி ஒரு தொப்பி போட்டது, தோள் போட்டது, கால்கள் போட்டது. வல்லிபுரம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"ஒரு கால் கட்டை, அண்ணை."

"பொத்தடா வாயை," என்றான் நடராசா. "நிக்கிறார்."