காருக்கு விட்ட இடம்

என் புருஷன் அழகுபாண்டி ஜெர்மன் கார் வாங்கியது ஊர் சுற்ற இல்லை, என் தம்பி வாசலில் கொண்டுபோய் நிறுத்த. இந்த ஒரு காரணத்தை மறைக்க நூறு காரணம் சொல்வார்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் தம்பி முத்துக்கருப்பன் திருவாதவூரில் வீடு கட்டிக் குடிபுகுந்தான். நாங்கள் டிவிஎஸ் ஃபிஃப்டியில் போய் இறங்கினோம். "மச்சான், காரெல்லாம் வருது. உங்க வண்டியக் கொல்லப்பக்கம் போட்டுருங்க" என்றான். அவ்வளவுதான், இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இலையில் உட்காராமலே என்னை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். அவன் வாசலில் நிற்கிற மாதிரி வண்டி வாங்காமல் அந்த வீட்டை மிதிக்க மாட்டாராம். என்னையும் விடமாட்டாராம். பெரிய மானஸ்தர்கள் ரெண்டு பேரும். பிறந்த வீட்டு வாசலில் "வாக்கா" என்று ஒரு சொல் கேட்காமல் பதினொரு வருஷம் கிடந்தது நான்தானே?

போன வருஷம் செங்கல் சூளை கைகொடுத்தது. கோயம்புத்தூர் மில் முதலாளி ஓட்டிக் கழித்த காரை வாங்கிவந்தார். பொய் சொல்லக்கூடாது, நல்ல வண்டிதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. கதவைச் சாத்தினால் கனத்த மரப்பெட்டியை மூடுவது போல 'தொப்' என்று ஒரு சத்தம். அதைக் கேட்க வைக்கவே காளவாசலில் எங்கள் தெருவோடு போகிறவன் வருகிறவனை எல்லாம் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்வார். ஆனால் அதில் செருப்போடு ஏறக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, தலையில் இருக்கும் பூ உதிரக்கூடாது. ஒரு விளக்கு எரியவில்லை என்றாலும் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரணும். அந்த மகராசன் வருகிறவரை எங்களுக்கு டவுன் பஸ்.

இப்படி இருக்கும்போதுதான் தம்பி தன் மகள் சத்யப்ரியா கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் வந்தான். என்னிடம் ரெண்டு வார்த்தை பேசினான். காரை ரெண்டு சுற்று சுற்றிவந்தான். "மச்சான், இதுலயே வந்துருங்க" என்றான். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்யாணத்தன்று காலை நேராகப் போகக்கூடாதா? ரிங் ரோட்டு ஓரம் முனியாண்டி கோயிலில் பூஜை போட்டுத்தான் போகணுமாம். பூசாரி சாவியை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார்.

"சாவிக்கும் சேத்து அபிஷேகம் பண்ணிருங்க சாமி. கண்ணு அம்புட்டும் கழியட்டும்" என்றார் இவர்.

"ஏங்க, அதுக்குள்ள ஏதோ கம்ப்யூட்டர் இருக்கு, நனையக் கூடாதுன்னு கோயம்புத்தூர்க்காரன் சொன்னானே?"

"சாமி காரியத்துல வாய வைக்காத."

பால், தேன், பன்னீர் எல்லாம் ஊற்றியாயிற்று. சாவி பிசுபிசுவென்று கைக்கு வந்தது. காருக்குள் ஏறி உட்கார்ந்து திருகினார். சிவப்பு விளக்கு மினுக்கியதே தவிர, வண்டி முனகக்கூட இல்லை. வேட்டி நுனியால் துடைத்தார், ஊதினார், மறுபடி திருகினார். மணி எட்டரை. ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம்.

"ஆட்டோல போயிருவோம்ங்க."

"ஆட்டோவா? திரும்பவும் கொல்லப்பக்கம் நிறுத்தச் சொல்லவா?"

"அப்ப நீங்க இங்கனயே இருங்க. நான் போறேன்."

அவர் காருக்குள் உட்கார்ந்தபடியே கதவைச் சாத்திக்கொண்டார். தொப். நான் ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி போய், திருவாதவூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

தம்பி வீட்டு வாசலில், கல்யாணப் பந்தலுக்கு முன்னால் கம்பு நட்டுக் கயிறு கட்டி, சாணி தெளித்துக் கோலம் போட்டு ஓர் இடம் காலியாகக் கிடந்தது. பெண்ணைப் பெற்றவன் உள்ளே நிற்காமல் அதற்குக் காவல் நின்றான்.

"மச்சான் காரு எங்கக்கா?"

"வரலை."

"பின்னாடி வருதா?"

"வராதுடா."

"என்னக்கா, காரு வருதுன்னு சம்பந்தகாரங்க அம்புட்டுப் பேருக்கும் சொல்லிவச்சிருக்கேனே! வந்த அம்பாசடரக்கூட இங்க நிறுத்த விடலயே!"

அங்கே ஒருவர் ஓடாத காருக்குள் உட்கார்ந்திருக்கிறார். இங்கே ஒருவன் இல்லாத காருக்கு இடம் காக்கிறான். தூ! மாமனும் மச்சானும் நன்றாக வாய்த்தார்கள். பந்தலிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, கயிற்றைத் தாண்டி, கோலத்துக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏக்கா, எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பதினோரு வருசம் கழிச்சுப் பொறந்த வீட்டுக்கு வந்திருக்கேன். காரக் கேட்ட, மறுபடியும் காரக் கேட்ட. என்னைய வான்னு ஒரு தடவ சொன்னியாடா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன அழுகை முந்திக்கொண்டது. உள்ளே மேளம் வேகமெடுத்தது. தம்பி பந்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.

"வாக்கா."

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.