மதுமதியின் பெயர் எப்படி வெளியே போனது

1

இந்தக் கதை எனக்கு ராமநாதபுரத்தில், ஒரு கல்லூரி அலுவலக வராந்தாவில் கிடைத்தது. அண்ணன் மகளின் மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திருந்தேன். ஜன்னல் முன் நின்ற பெண் உள்ளே இருந்த எழுத்தரிடம், "சார், புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றாள்.

"அப்பிடி வழக்கமில்லம்மா."

"இல்லாட்டி இன்னைக்கிருந்து வழக்கமா வச்சுக்கிருவோம் சார்."

நான் நேரில் கேட்டது இவ்வளவுதான். மீதியை விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரித்தும் தெரியாததை இட்டுக்கட்டினேன். பெயர்கள் எல்லாமே நான் வைத்தவை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: கடலில் இருந்து சூரியன் எழும்பும் நேரத்தில் மதுமதி—

வேண்டாம். மதுமதிக்கு ஊர் சிக்கல் என்ற கிராமம். அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது, மிளகாய்க் காடுதான் தெரியும்.

அடுத்தது: நீதி கேட்பவர்களுக்கு இந்த நாட்டில்—

இதுவும் வேண்டாம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மதுமதி காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் கல்லூரிக்குப் பேருந்து ஏறுவாள்.

அவள் வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வகக் கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கும். சாவி துறைத்தலைவர் காளீஸ்வரனிடம் இருக்கும். போய்க் கேட்டால், "இப்பத்தானம்மா வந்தீங்க, அதுக்குள்ளயா?" என்று பையன்கள் காதில் விழும்படி சிரிப்பார். பெண்கள் சாவி கேட்பதை விட்டார்கள். பிறகு தண்ணீர் குடிப்பதை விட்டார்கள்.

ஒரு நாள் ஆய்வகத்தில் சுஹா மயங்கி விழுந்தாள். கீழக்கரைப் பெண்; மதுமதிக்கு அடுத்த மேசை, கல்லூரியில் அவளுக்கு இருந்த ஒரே நெருங்கிய தோழி. சிறுநீர்த் தொற்று முற்றிவிட்டது என்றார் மருத்துவர்.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய மதுமதி, மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்குப் புகார் எழுதினாள். 'புகார் அளிப்பவரின் பெயர் வெளியிடப்படாது' என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. அதை நம்பித் தன் பெயர், ஊர், வகுப்பு எல்லாம் எழுதிப் பெட்டியில் போட்டாள். விஷயத்தை சுஹாவிடம் மட்டும் சொன்னாள்.

3

சில நாளில் காளீஸ்வரன் வகுப்புக்குள் வந்தார். பாடம் எடுக்கவில்லை.

"சிக்கல் பக்கமிருந்து வர்றவங்களுக்கு நம்ம காலேஜ்ல வசதி பத்தலையாம். ஊர்ல அரண்மனைல இருக்காங்க போல."

யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. சிக்கலில் இருந்து வருகிறவள் அந்த வகுப்பில் ஒருத்திதான். எல்லாத் தலையும் மதுமதி பக்கம் திரும்பியது.

சாயங்காலம் மதுமதி வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா தவசி காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றிருந்தார்.

"காலேசுல இருந்து போன் வந்துச்சு தாயி. ஒங்க மக படிக்க வருதா, மனுப் போட வருதான்னு கேட்டாக. நீ என்னத்த பண்ணி வச்ச?"

"தப்பா ஒண்ணும் பண்ணல அய்யா."

"தப்புன்னு நானும் சொல்லல. மார்க்கு அவுக கையில இருக்கு. அதப் பாத்துக்க."

பெயர் எப்படி வெளியே போனது? தெரிந்தவள் ஒருத்திதானே.

அதற்குப் பிறகு எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. மதுமதி பக்கத்தில் வந்தால் சுஹா செல்போனைக் கவிழ்த்து வைக்கிறாள். புகார் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவே இல்லை. போதாக்குறைக்கு, காளீஸ்வரனின் அறையில் இருந்து அவள் வெளியே வருவதை மதுமதி கண்ணாலேயே பார்த்தாள்.

[இந்த இடத்தில் நான் எழுதியிருந்த அடுத்த வரி: சுஹாதான் சொல்லியிருந்தாள், ஏனென்றால்—

'ஏனென்றால்' கிடைக்காமல் அங்கேயே பேனா நின்றது. ஆனால் வரி சுலபமாக வந்துவிட்டது. தோழி காட்டிக்கொடுத்தாள் என்றால் கதைக்கு ஒரு திருப்பம், வாசகருக்கு ஒரு அதிர்ச்சி. காட்டிக்கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டதும் என் கை ஏன் தானாக இந்தப் பெண்ணிடம், இந்தப் பெயரிடம் போனது என்று யோசித்தேன். யோசித்தவரை எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. வரியை அடித்தேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும்.]

4

மதுமதிக்கு அப்படி நின்று யோசிக்க அவகாசம் இல்லை. பேருந்து நிலையத்தில் வைத்துக் கேட்டுவிட்டாள்.

"நீதான சொன்ன?"

"எதை?"

"என் பேரை."

"மயங்கி விழுந்தது நான் மது. எனக்காகவும் சேத்து எழுதுன புகாரை நானே போய்க் காட்டிக் குடுப்பேனா?"

"பின்ன அவரு ரூம்ல ஒனக்கு என்ன சோலி?"

மருத்துவ விடுப்புக்குக் கையெழுத்து வாங்கப் போனேன் என்று சுஹா சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் போயிருந்தாள்.

"நீ முடிவு பண்ணிட்டு வந்து கேக்குற. நான் என்ன சொன்னா என்ன?"

கீழக்கரைப் பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

5

புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க மதுமதி அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் இமானுவேல் நல்ல மனிதர். கோப்பை எடுத்துப் பார்த்தே சொன்னார்.

"துறைத்தலைவர்கிட்ட விளக்கம் கேட்டிருக்கோம்மா. பதில் இன்னும் வரல."

"விளக்கம் கேக்கும்போது என்னத்த சார் அனுப்புவீங்க?"

"ஒன் புகாரோட நகலத்தான்."

"பேரோடயா?"

"அப்பிடியே நகல் எடுத்து அனுப்புறதுதாம்மா நடைமுறை."

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. யாரைப் பற்றிப் புகாரோ, அவர் கைக்கே அவள் பெயரைக் கல்லூரி முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது.

(நடைமுறை என்று இமானுவேல் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. தெரியாமல் செய்ததா, தெரிந்தே வருஷக்கணக்காக நடப்பதா? விசாரித்தேன். எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள். அதனால் சந்தேகம் கூடத்தான் செய்தது.)

இரண்டாவது புகாரை மதுமதி தனியாக எழுதவில்லை. வகுப்புப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முதல்வர் பெயருக்கு எழுதினார்கள். புகாருக்கு உள்ளானவர் விசாரணையில் இருக்கக் கூடாது, பெயரை மறைத்தே விளக்கம் கேட்க வேண்டும், பதில் இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர் அலுவலரிடம் போவோம் என்று குறிப்பிட்டார்கள்.* எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். சுஹாவும் போட்டாள், பேனாவை மதுமதியிடம் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் பார்த்த அன்று அந்தத் தாளோடுதான் மதுமதி ஜன்னலில் நின்றது. இமானுவேல் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தார்.

* அப்படி ஒரு அலுவலர் உண்டு என்பது மதுமதிக்கு அதுவரை தெரியாது. எனக்கும் தெரியாது.

விசாரணை நடந்தது. குழுத் தலைவி கனகலட்சுமி பெண்களை உட்கார வைத்துக் கேட்டார். சுஹா ஆஸ்பத்திரியில் கிடந்ததை முழுவதும் சொன்னாள். கழிப்பறைப் பூட்டைக் கழற்றினார்கள். நகலில் பெயரை மறைக்க உத்தரவு வந்தது.

காளீஸ்வரன் துறைத்தலைவராகவே இருக்கிறார். இப்போதெல்லாம் எதிரே பார்த்தால், "வாங்க மதுமதி, நல்லாருக்கீங்களா?" என்கிறார். முந்தைய கேலியைவிட அந்த மரியாதைதான் அவளைப் பயமுறுத்துகிறது. அவர் மார்க் போடும் செய்முறைத் தேர்வு இன்னும் வரவில்லை.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் காளீஸ்வரன் மாற்றலாகிப் போகிறார், அப்படி நடக்கவில்லை. இன்னொன்றில் இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுமதி அய்யாவிடம் சொல்லிவிட்டுக் கீழக்கரைக்குப் போனாள். சுஹாவின் வீடு தேடிக் கதவைத் தட்டினாள். திறந்தது அவள் உம்மா ரம்ஜான் பீவி.

"மதுமதியா? வாம்மா உள்ள. ஏன் வாசல்லயே நிக்கிற?"

"சுஹாவ வரச் சொல்லுங்கம்மா. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டு உள்ள வாரேன்."

ரம்ஜான் பீவி அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

சுஹா வந்து என்ன சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. அவளைக் கொஞ்ச நேரமாவது சந்தேகப்பட்ட ஆள் நான். அவள் வாயில் மன்னிப்பை வைக்கும் உரிமை எனக்கு இல்லை. மூன்றாம் பகுதியைப் படித்தபோது நீங்கள் அவளைச் சந்தேகப்படவில்லை என்றால், மீதியை நீங்கள் எழுதுங்கள்.