இரண்டாவது ஓட்டை

தெருமுனைப் பஞ்சர்காரர் ஒரே ஒரு ஓட்டையோடு எவரையும் விட்டதாக யாருக்கும் நினைவில்லை. டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டுவிட்டு, "இன்னொன்னும் இருக்கே சார்" என்பார். அந்த இன்னொன்று எப்படி வந்தது என்பது அவருக்கும் சட்டைப்பையிலிருந்த குண்டூசிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அதாவது, தெரு முழுக்கத் தெரியும்.

அப்பேர்ப்பட்டவருக்கு, லாரி டயரைப் புரட்டும்போது நெஞ்சில் சுருக்கென்று குத்தி, மூச்சு பாதியில் நின்றது. நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று கசிந்து, ஒரு பக்கம் சுருங்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் விலாவுக்குள் குழாய் சொருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். பாட்டிலில் குமிழியைப் பார்த்ததுமே மனிதருக்குப் பாதி நோய் போய்விட்டது. தன் தொழிலாயிற்றே! பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் படுத்தபடியே பாடம் எடுத்தார். குமிழி நின்று, குழாயையும் எடுத்த அன்று, மனைவியிடம் பையைக் கட்டச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வந்தார்.

"நுரையீரல் நல்லா விரிஞ்சிருச்சு. ஆனா எக்ஸ்ரேல மேல ஒரு நிழல் தெரியுது. ஓட்டை விழுந்ததுக்கே அதுதான் காரணமா இருக்கலாம். கட்டியான்னு ஸ்கேன் எடுத்துப் பார்த்திரலாம்."

பஞ்சர்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு படர்ந்தது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது.

"இன்னொன்னும் இருக்குங்கறீங்க."

"ஆமா."

"எங்கிட்டயேவா டாக்டரம்மா?"

ஒன்றும் புரியாத டாக்டரம்மா, யோசித்துச் சொல்லுமாறு சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"ஏங்க, அந்தம்மா கோட்டுப் பையில குண்டூசி கிண்டூசி பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியாத தொழிலா? குமிழி நின்னாச்சு. கிளம்பு."

"பால்காரர் வண்டியில நெசமாவே ரெண்டாவது ஆணி இருந்துச்சே, என்ன ஆச்சு?"

பால்காரர் நம்பாமல் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப்போய், நடுவழியில் நின்று, அத்தனை பாலும் திரிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியதைத் தெருவே பார்த்தது.

"அன்னைக்கு அவர் சிரிச்சாரே, அதே சிரிப்புதான் இப்ப நீங்க சிரிச்சது."

பை கட்டிலுக்கடியில் போனது. ஸ்கேனில் தெரிந்தது கட்டியேதான். நல்லவேளை, பரவவில்லை, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். நுரையீரல் மட்டும் சுருங்காமல் இருந்திருந்தால், யார் கண்ணிலும் படாமல் அது உள்ளேயே சொகுசாக வளர்ந்திருக்கும் என்றார் டாக்டரம்மா.

குண்டூசியைச் சாக்கடையில் போட்டுவிட்டார் என்கிறாள் மனைவி. நம்புகிறவர்கள் நம்பலாம்.

கடை திறந்ததும் முதலில் வந்தது வாத்தியார் வண்டி. ஒட்டுப் போட்டு மாட்டிய பிறகுதான், டயரில் பாதி புதைந்திருந்த இன்னொரு ஆணி அவர் கண்ணில் பட்டது.

"சார், இன்னொன்னும் இருக்கு. சத்தியமா!"

வாத்தியார் அதே சிரிப்பைச் சிரித்தார். "எங்கிட்டயேவா?" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.

"சார், நில்லுங்க! காசு வேணாம் சார்!" வெட்டியது போக மிஞ்சிய நுரையீரலை வைத்துக்கொண்டு பஞ்சர்காரர் பின்னாலேயே ஓடினார்.

பஞ்சர்காரர் காசு வேண்டாம் என்கிறாரா! வாத்தியார் பயந்துபோய் இன்னும் வேகமாக முறுக்கினார்.