புது வாளியில் தண்ணீர்

டாக்டரம்மா கேட்ட கேள்விக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் "எனக்குத்தான்" என்றார்கள்.

உங்கள் இருவரில் யாருக்காவது முன்பு நெஞ்சில் பெரிய தொற்று ஏதும் வந்ததுண்டா என்பது கேள்வி. ஏழு வயது சிட்டு அம்மா மடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் அப்பன் பஞ்சர் கடைக்காரன்; அவனுக்குப் பதினேழு வயதில் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி முழுசாகக் குணமானவன். அவன் பெண்டாட்டிக்குப் பள்ளிக்கூட வயதில் நிமோனியா. பிழைத்ததே பெரிய காரியம் என்று அவள் வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். இரண்டும் கல்யாணப் பேச்சின்போதே மறைக்காமல் பேசி முடித்த விஷயங்கள்தான்.

அந்த வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. சிட்டுவிடம் நல்லதாக எது தென்பட்டாலும் இருவரும் அடித்துப் பிடித்துச் சொந்தம் கொண்டாடுவார்கள். கெட்டதாக எது தென்பட்டாலும் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். எடுப்பான மூக்கு அப்பனுடையது. மூக்கின் மேல் வந்து நிற்கிற கோபம் சந்தேகமில்லாமல் அம்மாவுடையது. வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற சாமர்த்தியம் அவன் வழி, வாரத்துக்கொரு பென்சிலைத் தொலைக்கிற புத்தி அவள் வழி என்று அவன் சொல்வான். அவள் அதையே திருப்பிப் போட்டுச் சொல்வாள். கெட்டது ஒன்றுக்கு இருவரும் கையை நீட்டியது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்பா அம்மாவுக்கு முன்னாடி வந்த தொற்றுக்கும் பிள்ளைங்களோட வீசிங்குக்கும் தொடர்பு இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இருக்கலாம், அவ்வளவுதான். உங்க பாப்பாவுக்கு அதனாலதானான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. உங்க நோய் அவளுக்கு ஒட்டிக்கிச்சுன்னும் அர்த்தமில்ல."

"சரிங்க டாக்டர். இப்ப அதைச் சரி பண்ண என்ன பண்ணணும்?" என்றான் அவன்.

"அதுக்குன்னு எதுவும் கிடையாதுங்க. வாயில அடிக்கிற ஸ்ப்ரேயை ஒழுங்கா குடுங்க. தூசி, புகை பக்கம் விடாதீங்க. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

மனசைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஏதாவது ஸ்ப்ரே கொடுத்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் தொழிலில் "எதுவும் கிடையாது" என்ற பேச்சே இல்லை. காற்று இறங்குகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ட்யூபுக்குக் காற்றடித்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, வளைத்து வளைத்துத் திருப்பினால் ஓரிடத்தில் குமிழி வரும். அங்கே விரலை வைத்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போட்டால் வேலை முடிந்தது. எந்த ஆணி, எந்தத் தெரு என்று யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை.

பஸ்ஸில் சிட்டு தூங்கிவிட்டாள்.

"உங்களுக்குக் குணமாகி எத்தனையோ வருஷம் கழிச்சுத்தான் கல்யாணமே ஆச்சு. இது என்னாலதான்" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு. நிமோனியா யாருக்குத்தான் வரல? என்னுது அப்படியா?"

"ஆமா, பெரிய கப்பு வாங்கிட்டாரு. இதுலயும் நீங்கதான் ஃபர்ஸ்ட் வரணுமா?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவன் மகளின் செருப்பைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டான்.

கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. பசை வாடை வரக் கூடாதென்று நடுக்கதவின் இடுக்குகளில் பழைய ட்யூபை வெட்டி அடைத்தான். சிட்டு கடைப் பக்கம் வரவே கூடாது என்றான். அவ்வளவு செய்தும், ஒரு காலை நேரத்தில் அவள், "அப்பா, இதுல மருந்தே வரல போல இருக்கு" என்றாள். அவன் ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினான், காதில் வைத்துப் பார்த்தான், ஒன்றும் பிடிபடவில்லை. மருந்து எங்காவது கசிந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்துவிட்டது. கசிவைக் கண்டுபிடிக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். பிள்ளையின் மருந்தாயிற்றே, கடைத் தொட்டியில் முக்க முடியுமா? புது வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீர் பிடித்து, டப்பாவை அமுக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. அப்பாடா என்று துடைத்து அலமாரியில் வைத்தான்.

அன்று மத்தியானம் எதிர்ச்சாரியில் ஒரு பழைய சுவரை இடித்தார்கள். புழுதி அடங்குவதற்குள் சிட்டுவின் நெஞ்சில் விசில் கிளம்பிவிட்டது. அம்மா ஓடிப்போய் ஸ்ப்ரேயை எடுத்து அழுத்தினாள். மருந்து பீய்ச்சவில்லை. டப்பாவின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நின்றது.

"என்னங்க இது? ராத்திரி நல்லாத்தானே வந்துச்சு!"

"நான்தான்..." அவன் கதவோரத்து வாளியைக் காட்டினான். "லீக் இருக்கான்னு தண்ணில முக்கிப் பார்த்தேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினாள்.

அவன் மகளை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டான். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. அவன் விரல்கள் தாமாகவே அவள் முதுகைத் தடவின, விலா விலாவாக, ட்யூபைத் தடவுகிற அதே பழக்கத்தில். விசில் இங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கை வைத்த இடத்திலெல்லாம் வந்தது.

"அப்பா..."

"பேசாதடா தங்கம். அம்மா இப்ப வந்துருவா."

"என்னையும்... வாளில முக்கிப் பாரேன்ப்பா. எங்கன்னு... தெரிஞ்சுரும்ல?"

கடை வாசலில் யாரோ சைக்கிள் மணியை அடித்து, "பஞ்சர் போடணும், ஆள் இருக்கா?" என்று கூப்பிட்டார்கள். மகளின் முதுகில் காதை வைத்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவோரத்தில் புது வாளி இருந்தது. காலையில் பிடித்த தண்ணீர் அப்படியே, குமிழி இல்லாமல் தெளிந்து கிடந்தது.